குடும்ப நல நீதிமன்றம், இளைஞர் நீதிக் குழுமம்: இளம் வழக்கறிஞர்கள் வழக்கறிஞர் சங்கத்தில் சேர்வதும் அதைப் பயன்படுத்துவதும் – முழுமையான வழிகாட்டி

வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்தால் உட்கார நாற்காலியும் அடையாள அட்டையும் தேர்தலில் ஓட்டும் கிடைக்கும். பெரும்பாலான ஜூனியர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். சிவில், கிரிமினல் பக்கம் இருப்பவர்கள் அப்படி நின்றாலும் சீனியர் அலுவலகத்திலேயே தொழிலைக் கற்றுவிடலாம். குடும்ப நல நீதிமன்றத்திலும், குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலும் அது போதாது. இங்கே வழக்கின் பாதி கேஸ் கட்டுக்கு வெளியே நடக்கிறது. ஆலோசகர், நன்னடத்தை அலுவலர், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு, சமரச மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கங்கள் சட்டப் புத்தகத்தில் இருப்பதில்லை. ஏற்கெனவே அங்கே நிற்பவர்கள்தான் சொல்லித்தர வேண்டும். அவர்களிடம் போய்ச் சேரும் வழி சங்கம்.

சேருவதில் ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் பணமும் காலமும் வீணாகும். தமிழ்நாட்டு நிலையை வைத்து அந்த வரிசை கீழே.

1. விண்ணப்பத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு முடிந்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணத்தில் குழப்பம் வேண்டாம். வழக்கறிஞர் சட்டம் 24-ம் பிரிவு சொல்லும் தொகைக்கு மேல் பதிவுக்கென்று வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு அது 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தனி. சங்கத்தின் சேர்க்கைக் கட்டணத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் தொடர்பில்லை. சங்கக் கட்டணத்தைச் சங்கத்தின் உள்விதிகளான துணைவிதிதான் தீர்மானிக்கிறது.

அடுத்தது அகில இந்திய பார் தேர்வு. பதிவு செய்து இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். சங்க அட்டை கைக்கு வந்ததும் தேர்வை மறந்துவிடும் ஜூனியர்கள் நிறையப் பேர். அட்டை இருப்பதால் வக்காலத்து போடும் உரிமை தொடரும் என்பது தவறான நம்பிக்கை.

பதிவுச் சான்றிதழ், தேர்வுச் சான்றிதழ், முகவரிச் சான்று, புகைப்படங்கள் எல்லாவற்றிலும் ஐந்து செட் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். சங்கம், சேமநல நிதி, சட்டப்பணிகள் ஆணைக்குழு, சமரசப் பயிற்சி ஆகிய நான்கும் இதே தாள்களைத்தான் கேட்கும்.

2. எந்தச் சங்கம் முதலில்

தினமும் ஆஜராகும் இடத்துச் சங்கமே முதல் சங்கம். சொந்த ஊர்ச் சங்கமோ சீனியர் பதவி வகிக்கும் சங்கமோ அதற்கு அடுத்ததுதான். இந்திய பார் கவுன்சிலின் 2015-ம் ஆண்டு தொழில் இடச் சரிபார்ப்பு விதிகளும், வழக்கமாகத் தொழில் செய்யும் இடத்துச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும் என்றுதான் சொல்கின்றன. சங்கம் மாறினால் ஒரு மாதத்துக்குள் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு மூன்று சங்கங்களில் உறுப்பினராக இருக்கலாம், ஓட்டு ஒன்றில் மட்டுமே. 2011-ல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கில் ‘ஒருவருக்கு ஒரு சங்கத்தில் ஒரு ஓட்டு’ என்ற முறை ஏற்கப்பட்டது. எந்தச் சங்கத்தில் ஓட்டு என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை யோசித்துக் கொடுங்கள்.

சென்னையில் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால், மெட்ராஸ் பார் அசோசியேஷன், மெட்ராஸ் ஹைகோர்ட் அட்வகேட்ஸ் அசோசியேஷன், லா அசோசியேஷன், பெண் வழக்கறிஞர்கள் சங்கம் என்று தேர்வு செய்ய இடம் உண்டு. மாவட்டங்களில் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சங்கங்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தேர்வு செய்யும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். குடும்ப வழக்கு நடத்துபவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் வழக்கம் அங்கே இருக்கிறதா? குடும்ப நல நீதிபதியைச் சங்க நிர்வாகிகள் முறையாகச் சந்திக்கிறார்களா? உறுப்பினர்களில் யாராவது இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தவறாமல் போகிறார்களா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. 2016-ம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகளின்படி குழுமம் நீதிமன்ற வளாகத்திலோ சிறை வளாகத்திலோ கூடக்கூடாது. விசாரணைக் காலத்தில் பிள்ளைகள் வைக்கப்படும் கூர்நோக்கு இல்லத்திலோ அதன் அருகிலோ கூட வேண்டும். சென்னையில் கெல்லீஸ் போக வேண்டும். குழந்தையின் நலனுக்கு அது மிக நல்ல விதி. ஆனால் சங்கத்தின் பேச்சும் பழக்கமும் அங்கே எட்டுவதில்லை என்பதால் ஜூனியர் தனியாக நிற்கிறார். போய்வருபவர் ஒருவர் இருந்தால்கூட அந்தச் சங்கம் உங்களுக்குப் பயன்படும்.

3. முன்மொழிபவர், துணைவிதி, சந்தா

விண்ணப்பத்தில் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இரண்டு கையெழுத்தையும் சீனியர் அறையிலேயே வாங்கிவிடுவது வழக்கம். ஒன்றையாவது குடும்ப வழக்கு நடத்தும் ஒருவரிடம் வாங்குங்கள். கையெழுத்துக் கேட்கப் போகும் அந்தச் சந்திப்பிலேயே அறிமுகம் ஆகிவிடும். பிறகு சந்தேகம் கேட்கத் தயக்கம் இருக்காது.

துணைவிதியின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சந்தா பாக்கி எத்தனை மாதம் போனால் பெயர் நீக்கப்படும், ஓட்டுக்குத் தகுதி எந்தத் தேதியில் கணக்கிடப்படும் என்ற இரண்டு விதிகளையாவது குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் யாராவது பாக்கியைக் கட்டிவிடுவார் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படிக் கட்டப்படும் சந்தாவோடு ஒரு கடப்பாடும் வரும். ஆண்டுச் சந்தாவை நீங்களே ஒரே தவணையில் கட்டி, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். உறுப்பினர் காலத்தில் இடைவெளி விழுந்தால் அது அடுத்த படியில் சிக்கலாகும்.

4. சேமநல நிதி: அட்டை வந்த வாரமே

வக்காலத்தில் சேமநல நிதி முத்திரை ஒட்டுவதால் மட்டும் யாரும் நிதியின் உறுப்பினர் ஆவதில்லை. புதியவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். முத்திரை நிதிக்குப் போகும் பணம். உறுப்பினராவது 1987-ம் ஆண்டுத் தமிழ்நாடு வழக்கறிஞர் சேமநல நிதிச் சட்டப்படி தனி விண்ணப்பம் கொடுத்துச் சேர்வது. அந்த விண்ணப்பத்துக்குச் சங்க உறுப்பினர் நிலை தேவை. சங்கத்தில் சேர்ந்த கையோடு இதை முடிக்கச் சொல்வது அதனால்தான்.

வாரிசு நியமனத்தைக் காலியாக விடாதீர்கள். திருமணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் திருத்துங்கள். விண்ணப்பமே கொடுக்காமல் ஒரு வழக்கறிஞர் இறந்துவிட்டால், அத்தனை வருடம் முத்திரை ஒட்டியதைக் காட்டி அவர் குடும்பம் நிதி கேட்க முடியாது. அந்த வீட்டின் நிலையை நினைத்தாவது இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. முதல் ஆறு மாதம்: குடும்ப நல நீதிமன்றம்

குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 13-ம் பிரிவின்படி வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல. நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி மனு எந்த வடிவில், எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். முதல் வக்காலத்துக்கு முன்பே சங்கத்தில் விசாரியுங்கள். அனுமதி கேட்காமல் எழுந்து வாதாடத் தொடங்கி உட்காரச் சொல்லப்படும் ஜூனியரைப் பார்த்து, கட்சிக்காரர் அன்றைக்கே நம்பிக்கை இழக்கிறார்.

அடுத்தது மாதிரி மனுக்கள். சங்கக் குழுக்களில் வாட்ஸ்அப் வழியாக டிராஃப்ட்கள் சுற்றுகின்றன. அவை பெரிய உதவிதான், ஆனால் அப்படியே எடுத்துப் போட்டால் ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் ஜீவனாம்ச மனு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144-ம் பிரிவின் கீழ் வருகிறது. பழைய சட்டத்தின்படி சி.ஆர்.பி.சி. 125 என்று தலைப்பிட்ட பழைய டிராஃப்ட்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரத்திலும் இதே தவறு நடக்கிறது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு, இரு தரப்பும் இந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. தீர்ப்போடு மூன்று இணைப்புகள் உள்ளன. முதலாவது பொதுவானது, இரண்டாவது விவசாயத்தைச் சார்ந்தவர்களுக்கு, மூன்றாவது மேகாலயாவுக்கு. தஞ்சாவூரில் நெல் விளைவிப்பவருக்கும் பொதுவான முதல் இணைப்பையே நிரப்பித் தருவது தவறு. சம்பளக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்கும், மகசூல் சரியாகப் பதிவாகாது, வருமானமே இல்லை என்பது போல் தோன்றும். எதிர்த்தரப்புப் பத்திரத்துக்கு அதிகபட்சம் நான்கு வாரம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. வாய்தா கேட்கப்படும் நாளில் அந்தப் பத்தியைக் கையில் வைத்திருங்கள்.

உத்தரவு வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பிழை. ஜீவனாம்ச பாக்கிக்கு வாரண்ட் கேட்கும் மனுவை, அந்தத் தொகை கொடுக்கப்பட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். கட்சிக்காரர் ‘அவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்’ என்று காத்திருக்க, மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். டைரியில் உத்தரவுத் தேதியின் பக்கத்திலேயே பதினோராவது மாதத்தைக் குறித்துவிடுங்கள். அதோடு, குடும்ப நல நீதிமன்றம் ஜீவனாம்சப் பிரிவில் போட்ட உத்தரவுக்கு அப்பீல் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வுதான். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 19-ம் பிரிவைப் பாதி படித்துவிட்டு அப்பீல் தயாரித்துத் திருப்பப்பட்டவர்கள் உண்டு.

ஆலோசகர் விஷயத்தில் அடக்கம் வேண்டும். சமாதானத்துக்கு முயல்வது அதே சட்டத்தின் 9-ம் பிரிவு நீதிமன்றத்தின் மேல் வைத்த கடமை. ஆலோசனை அறைக்குள் கட்சிக்காரரோடு நுழையப் பார்ப்பது, வெளியில் ஆலோசகரைப் பிடித்து ‘நம்ம பக்கம் பாருங்கள்’ என்று கேட்பது இரண்டும் உங்கள் பெயரைத்தான் கெடுக்கும். முதல் நாளே கட்சிக்காரரிடம் என்ன கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள், குழந்தையைக் கூட்டிவரச் சொன்னால் எப்படித் தயார்படுத்துவது என்று பேசிவிடுங்கள். குழந்தைக்குப் பதில் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பெற்றோரைத் தடுப்பதும் உங்கள் வேலை.

6. இளைஞர் நீதிக் குழுமம்: நான்கைந்து பேராகப் போங்கள்

குழுமத்துக்குப் போகும் ஜூனியர்கள் நான்கைந்து பேர் சங்கத்துக்குள் ஒரு வட்டமாகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் வர முடியாத நாளில் இன்னொருவர் நிற்க வேண்டும். வழக்கறிஞர் வரவில்லை என்றால் பெரியவர் வழக்கில் ஒரு வாய்தா போகும். இங்கே ஒரு பிள்ளை கூர்நோக்கு இல்லத்தில் இன்னும் சில இரவுகள் இருப்பான், பள்ளி போகும், தேர்வு போகும்.

வட்டத்தில் ஒவ்வொருவர் டைரியிலும் இருக்க வேண்டிய காலக்கணக்கு இது. பிடிக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை முதல் ஆஜரிலிருந்து 15 நாளில் வர வேண்டும். பதினாறு நிறைந்தவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டிருந்தால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதனிலை மதிப்பீடு மூன்று மாதத்தில் முடிய வேண்டும். விசாரணைக்கு நான்கு மாதம், நீட்டித்தால் மேலும் இரண்டு. சிறு குற்றம் என்றால் நீட்டித்த காலத்திலும் முடியாத விசாரணை அதோடு முற்றுப்பெறும்.

ஜாமீனில் இளைஞர் நீதிச் சட்டம் 12(4) பலர் கண்ணில் படுவதில்லை. ஜாமீன் உத்தரவு கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற ஆளில்லாமல் ஏழு நாள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையை மாற்றக் குழந்தையைக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். ஏழைப் பிள்ளைகளும் வெளிமாநிலப் பிள்ளைகளும் வெளியே வரும் வழி இதுதான். ‘ஜாமீன் வாங்கிவிட்டோம்’ என்று கேஸ் கட்டை மூடிவைத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுப்போகும்.

வயதுச் சான்றில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீட்டார் கொண்டுவருவது டி.சி. அல்லது ஆதார் அட்டை. இளைஞர் நீதிச் சட்டம் 94-ம் பிரிவு கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. 2023-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில் டி.சி. இந்தப் பட்டியலில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே பேசப்பட்டது பாதிக்கப்பட்டவரின் வயது, ஆனாலும் பிரிவு அதேதான். முதல் சந்திப்பிலேயே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். படிப்பு நின்ற பிள்ளை என்றால் பிறந்த ஊரின் பதிவேட்டில் தேடச் சொல்லி ஆளை அனுப்புங்கள்.

இப்போது சங்க அறைக்கான எச்சரிக்கை. அதே சட்டத்தின் 74-ம் பிரிவு குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி, அடையாளம் தெரியும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். சந்தேகம் கேட்பதற்காக வழக்குத் தாளை போட்டோ எடுத்து 200 பேர் இருக்கும் சங்கக் குழுவில் போடுவது சாதாரணமாக நடக்கிறது. கேள்வியை மட்டும் எழுதுங்கள், தாளைப் போடாதீர்கள். குடும்ப வழக்குகளுக்கும் இதே ஒழுக்கத்தைக் கடைப்பிடியுங்கள்.

7. மூன்று ஆண்டு நிறைந்ததும் சட்டப்பணிகள் பட்டியல்

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதனால் இந்த இரண்டு மன்றங்களிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு முக்கியமான இடம். ஆணைக்குழு தரும் வழக்குகளை நடத்தும் பட்டியல் வழக்கறிஞராகச் சேரப் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அறிவிப்பு முதலில் ஒட்டப்படுவது பெரும்பாலும் சங்கப் பலகையில். விண்ணப்பத்தில் எல்லாத் துறையையும் டிக் செய்யாதீர்கள். திருமண வழக்குகள், இளைஞர் நீதி என்று இரண்டை மட்டும் குறித்து, நடத்திய வழக்குகளின் எண்களை இணையுங்கள். எல்லாம் தெரியும் என்பவரைவிட இரண்டு தெரிந்தவரைத் தேர்ந்தெடுப்பது ஆணைக்குழுவுக்கு எளிது.

பயனாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது, நகல் செலவு என்ற பெயரிலும் கூடாது. மூன்று ஆண்டு ஆகாதவர்கள், பட்டியல் வழக்கறிஞர் ஒருவரோடு கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்க் குழந்தைகளிடம் பேசப் பழகலாம். உங்களால் வழக்கை எடுக்க முடியாதவர்களுக்கு 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணைச் சொல்லி அனுப்புங்கள்.

8. சமரசப் பயிற்சி

நாட்டிலேயே முதல் நீதிமன்ற இணைப்புச் சமரச மையம் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. சமரசராவதற்கான அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம். அனுபவ ஆண்டு நிபந்தனை இருப்பதால் ஜூனியர்கள் உடனே சமரசர் ஆக முடியாது. அதுவரை சங்கம் நடத்தும் சமரச வகுப்புகளை விடாதீர்கள். சமரச மேசையில் கட்சிக்காரரை எப்போது பேசவிட்டு நாம் வாய்மூட வேண்டும் என்பது அங்கே பழகும்.

9. நீதிபதியோடு சந்திப்பு: சங்கத்தின் வழியாக மட்டும்

தனி ஒருவர் சொன்னால் புகார் ஆகும், சங்கம் சொன்னால் கோரிக்கை ஆகும். குழந்தைகள் காத்திருக்க இடம், ஆலோசகர் பற்றாக்குறை, சமூக விசாரணை அறிக்கை தாமதம், பெற்றோர் சந்திப்புக்கு விடுமுறை நாளில் நேரம் போன்றவை சங்கச் செயலாளர் வழியாக எழுத்தில் போக வேண்டியவை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை வழக்கில் எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கை உங்கள் ஜூனியர் வட்டத்தின் டைரிகளிலிருந்தே எடுத்து இணையுங்கள். நிலுவையில் உள்ள எந்தத் தனி வழக்கையும் அந்தச் சந்திப்பில் இழுக்காதீர்கள்.

புறக்கணிப்புத் தீர்மானம் வரும் நாள் கஷ்டமானது. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஹரீஷ் உப்பல் வழக்கில் சொல்லிவிட்டது. குழந்தை உள்ளே இருக்கும் வழக்கு, இடைக்கால ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்க அனுமதி ஆகிய மூன்றுக்கும் விலக்கு வேண்டும் என்று பொதுக்குழுவில் முன்கூட்டியே தீர்மானம் கொண்டுவாருங்கள். பதற்றம் இல்லாத ஆண்டுக் கூட்டத்தில் இது நிறைவேறும். போராட்டம் தொடங்கிய பிறகு கேட்டால் நிறைவேறாது.

10. வெளிநாட்டு அமைப்புகள்

இந்தத் துறைக்கென்றே உலக அளவில் பழைய அமைப்புகள் உள்ளன. இளைஞர், குடும்ப நீதிபதிகளுக்கான சர்வதேச சங்கம் 1928-ல் தொடங்கியது. அமெரிக்காவில் நெவாடா மாநிலம் ரீனோவைத் தலைமையிடமாகக் கொண்ட இளைஞர், குடும்ப நீதிமன்ற நீதிபதிகளின் தேசிய மன்றம் 1937-ல் வந்தது. நம் ஜூனியர்களுக்கு நெருக்கமானது 1963-ல் தொடங்கிய குடும்ப, சமரச நீதிமன்றங்களின் சங்கம். அதில் நீதிபதி, வழக்கறிஞர், மனநல நிபுணர், சமரசர் எல்லாரும் ஒரே உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் இல்லாதது அந்தச் சேர்க்கைதான்.

அவர்கள் சட்டம் வேறு. அவர்களின் வழிகாட்டு நெறிகளை நம் நீதிமன்றத்தில் முன்தீர்ப்பு போல நீட்டினால் எடுபடாது. பிரிந்த பெற்றோருக்கிடையே குழந்தையின் வாரத்தை எப்படிப் பிரிப்பது, குழந்தையிடம் என்ன கேட்கக்கூடாது, மதிப்பீட்டு அறிக்கையில் எதைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பவற்றைப் படித்து, நம் வழக்குக்கு ஏற்பத் திட்டம் எழுதப் பயன்படுத்துங்கள். டாலரில் சந்தா கட்டும் முன், குடும்ப, சமரச நீதிமன்றங்களின் சங்கம் 2022-ல் வெளியிட்ட பெற்றோர் திட்ட மதிப்பீட்டு நெறிகளை முதலில் வாசித்து, குழந்தை யார் பொறுப்பில் இருப்பது என்பது பற்றி உங்கள் கையில் இருக்கும் ஒரு வழக்கில் பொருத்திப் பாருங்கள். பயன்பட்டால் அடுத்த ஆண்டு சேரலாம்.